கவிழ்தும்பை

பொதிகையிற் பிறந்து புன்னைக்காயலிற் கடலொடு கலக்கும் தாமிரபரணி, தன் இரு கரையிலும் நெல்லும் வாழையும் செழிக்கச் செய்கின்றது. அதன் கால்வாய்கள் எட்டாத மேட்டு நிலங்களோ வானத்தை நோக்கிக் கிடக்கின்றன. வழிச்செல்வோர் அவற்றை 'வெறுந்தரிசு' என்று கூறிக் கடந்துபோவர். அச்சொல் பொருந்துமா என்பதை அங்கு வளரும் ஒரு சிறு செடியைக் கொண்டே ஆராய்ந்து பார்க்கலாம்.

மழை பெய்து மண் நனைந்ததும் அந்நிலத்தில் தலைகாட்டும் செடிகளுள் ஒன்று கவிழ்தும்பை. ஒரு முழ உயரமே வளர்ந்து, பூத்துக் காய்த்து, விதையை மண்ணுக்களித்து ஓராண்டுக்குள் மாய்வது அது. தண்டும் இலையும் சுணைமயிர் போர்த்தவை. வெளிர்நீலப் பூ நிலம் நோக்கிக் கவிழ்ந்திருக்கும். பூவினுள் மகரந்தப் பைகள் மெல்லிய மயிராற் பிணைப்புண்டு கூம்புபோல் நிற்கும். ஆதலின் மேனாட்டு நூலோர் இவ்வினத்துக்கு 'மயிர்ப்பிணைப்பு' எனப் பொருள்படும் டிரைக்கோடெஸ்மா என்னும் பெயரிட்டனர். நம் முன்னோரோ பூ தலைகவிழ்ந்த நிலை கண்டு பெயரிட்டனர். துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த தும்பைக்கும் இதற்கும் பெயரளவிலன்றி உறவில்லை.

தேள்கொடுக்கு என்னும் செடியே இதற்கு உறவாகும். அதன் பூங்கொத்து தேளின் வால்போல் நுனி சுருண்டிருக்கும். தாவர நூலாரும் அத்தகைய பூங்கொத்தைத் தேளின் பெயராலேயே வழங்குவர். ஏடறியா உழவரும் ஏட்டறிவுடையாரும் ஒரே ஒப்புமையைக் கண்டமை வியத்தற்குரியதன்றோ? கூர்ந்து நோக்கும் கண்ணே இரு திறத்தார்க்கும் ஆசான்.

பயிரிடையே இச்செடிகள் முளைத்தால் உழவர் அவற்றைக் களைதல் முறையே; பசிக்குச் சோறிடும் பயிரே அங்கு முதன்மையானது. ஆயினும் வரப்பிலும் மேய்ச்சல் நிலத்திலும் நிற்பவை யாருக்கு என்ன தீங்கு செய்தன? ஒரு நிலத்துக்குத் 'தரிசு' என்னும் பெயர் சூட்டிவிட்டால், அங்கு மண் அள்ளலாம், குப்பை கொட்டலாம் என்னும் துணிவு பிறக்கின்றது. நிலம் கெட்டால் செடி மறையும். செடி மறைந்தால் அதனைக் குறித்த சொல்லும் வழக்கொழியும். அகராதியில் மட்டும் எஞ்சிய சொல், ஆளில்லா வீட்டிற்கு ஒப்பாகும்.

ஆதலின், பள்ளிக்கு வரும் வழியிலுள்ள ஐந்து செடிகளின் பெயர்களையேனும் ஊர் முதியோரிடம் கேட்டறிந்து எழுதிவைத்தல் மாணவர்க்குரிய கடமையாகும். பெயரறிந்த செடிகள் வாழும் நிலத்தை வெறுந்தரிசு என்று சொல்ல அவர்களுக்கு நா எழாது.