ஹம்மிங்குக்கு எர்த் பின் என்ன பாவம் செய்தது?

கள்ளக்குறிச்சி பக்கம் மைக் செட் இல்லாமல் ஒரு கோயில் திருவிழா நடக்காது. கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா ஆனாலும் சரி, கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஊர்க் கூத்து ஆனாலும் சரி. ஸ்விட்ச் போட்டதும் 'ம்ம்ம்ம்...' என்று ஒரு உறுமல் கேட்கும். உடனே ஒரு அனுபவசாலி தீர்ப்பு சொல்வார்: "எர்த் பின்னைப் பிடுங்கிடுப்பா, சரியாயிடும்!"

பல நேரம் சரியாகவும் ஆகிவிடும். அதுதான் கொடுமையே! உறுமல் போகிறது, கூடவே உயிருக்கு இருந்த காவலும் போகிறது.

உள்ளே ஒரு 230 வோல்ட் கம்பி தளர்ந்து உலோகப் பெட்டியில் பட்டால், மின்சாரம் எர்த் வழியாகப் பாய்ந்து ஃபியூஸ் போய்விடும். எர்த் இல்லையென்றால்? பெட்டி முழுக்க கரண்ட் சத்தமில்லாமல் காத்திருக்கும், யாராவது தொடும் வரை.

எலக்ட்ரிக் கிடார் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். கிடாரின் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபையர் பெட்டியோடு சேர்ந்தவை. விரல் கம்பியில், உதடு மைக்கில், நடுவில் மனித உடம்பு. 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்ஸீ நகரில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே இறந்தார். 1976-ல் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப், எர்த் சரியில்லாத கிடாரால் வீட்டிலேயே இறந்தார். மேடை அனுபவம் இருவரையும் காப்பாற்றவில்லை.

சரி, ஹம்மிங்கை எப்படித்தான் ஒழிப்பது? முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பழைய மைக் செட்டுகளும், கிடார்க்காரர்கள் இன்றும் தேடி அலையும் ஆம்ப்ளிஃபையர்களும் வால்வில் ஓடுபவை. அவற்றில் குற்றவாளிகள் பெரும்பாலும் இவர்கள்தான்:

ஒன்று, ஹீட்டர் வயர். வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஏசி, 50 ஹெர்ட்ஸில் உறுமும். இரண்டு வயரையும் இறுக்கமாக முறுக்கி, சேஸிஸின் மூலையோரமாக, சிக்னல் வயரை விட்டுத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டு, காய்ந்துபோன ஃபில்டர் கண்டன்சர். இதன் உறுமல் 100 ஹெர்ட்ஸ், கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். மாற்றினால் போயிற்று. ஆனால் ஸ்விட்சை அணைத்த பிறகும் அதில் 300, 400 வோல்ட் தேங்கி நிற்கலாம். ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

மூன்று, கண்ட இடத்தில் சால்டர் வைத்த கிரவுண்ட். சிக்னல் கிரவுண்டுகளை ஒழுங்காகச் சேர்த்து, சேஸிஸில் ஒரே இடத்தில் இணைக்க வேண்டும். மெயின்ஸ் எர்த்துக்குத் தனி போல்ட்.

நான்கு, கிரவுண்ட் லூப். எர்த் பின்னைப் பிடுங்கினால் உறுமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். மிக்ஸரும் ஆம்ப்ளிஃபையரும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகி, ஷீல்டு வயரும் அவற்றைச் சேர்த்தால் ஒரு வளையம் உருவாகும். இரண்டையும் ஒரே பலகையில் செருகினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு சிக்னல் வழியில் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. வெட்ட வேண்டியது சிக்னல் வளையத்தைத்தான், உயிர் காக்கும் கம்பியை அல்ல!

"மலையில் பாறைதானே, எர்த் எங்கே சரியாக இருக்கிறது? இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. காய்ந்த பாறை நிலத்தில் எர்த் எடுப்பது கஷ்டம் என்பது உண்மைதான். அதனால் கரியும் உப்பும் போட்டு ஆழமாகக் குழி எடுங்கள், தண்ணீர் ஊற்றி ஈரமாக வையுங்கள், 30 மில்லிஆம்பியரில் விழும் ஆர்சிசிபி ஒன்றும் போடுங்கள். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று யாராவது பிரேக்கையே கழற்றி எறிந்துவிட்டுக் கல்வராயன் மலையிலிருந்து வண்டியை இறக்குவார்களா? :-)

உறுமல் என்பது ஆம்ப்ளிஃபையர் தன் வயரிங்கைப் பற்றிக் கொடுக்கும் புகார். எர்த் பின்னைப் பிடுங்குபவர் புகாரைத் தீர்ப்பதில்லை, சாட்சியைத்தான் கலைக்கிறார். அடுத்து மைக்கைப் பிடிக்கப்போகும் கூத்துக் கலைஞருக்கோ, முதல் மேடை ஏறும் கல்லூரிப் பையனுக்கோ அது தெரியவே தெரியாது.