தோட்டமும் ஊரே

நம் நாட்டு ரப்பரின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் மலாக்காவிலிருந்தே தொடங்குவர். 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனச் செல்வர், சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் இயக்குநர் ரிட்லியின் தூண்டுதலால், புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அவை தழைத்தமை கண்டு, லேடாங் மலையடிவாரத்தில் புக்கிட் அசகான் என்னும் பெருந்தோட்டத்தை உருவாக்கினார். இன்று மலாக்கா நகரச் சாலை ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆர்க்கிட் மலர் ஒன்றுக்கும் அவர் பெயர் உண்டு. முயன்றவர்க்கு உரிய சிறப்பு அது. எவரும் பொறாமை கொள்ளவேண்டுவதில்லை. ஆயினும், அம்மரங்களின் நிழலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து மடிந்தவர்களின் ஊருக்கு அவ்வரலாற்றில் ஒரு பக்கமேனும் உண்டா?

ஊர் என்னும் சொல்லையே மறுப்பாருமுளர். தோட்டம் தொழிலிடம், அங்கிருந்தோர் கூலிக்கு வந்தோர், கூலி முடிந்தால் குடியிருப்பும் முடிந்தது என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தைத் தோட்டத்தின் ஒரு நாள் வாழ்வே பொய்யாக்கிவிடும்.

விடியுமுன் பெரட்டுக்குத் தப்பு முழங்கும். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குச் செல்லும். தாய் வாளியும் உளியுமாக நிரைக்குச் செல்வாள். பிற்பகலில் பால் நிறுத்து முடிந்தபின்னரே அவர்தம் சொந்த வாழ்வு தொடங்கும். கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் அழைத்து வந்தமையால், சேலத்தார் ஒரு லயத்திலும் திருச்சியார் மறு லயத்திலுமாகத் தாய்நாட்டு ஊர்களே பெயர்ந்து வந்தாற்போலிருக்கும். மாரியம்மனுக்குக் கொட்டகை எழும். பின்னர் அது கோயிலாகும். ஆண்டுத் திருவிழாவுக்கு ஒவ்வொரு குடும்பமும் சம்பளத்தில் பங்கு கொடுக்கும். சாவு நேர்ந்தால் லயமே அடுப்பு மூட்டாது. சாதியும் உடன் வந்தது, கள்ளுக்கடையும் இருந்தது, அவற்றை மறைத்து எழுதுவது வரலாறாகாது. ஊரின் நன்மையும் தீமையும் ஒருங்கே அமைந்த இடத்தை ஊர் என்னாது வேறென்னென்பது?

1942 முதல் 1945 வரை சப்பானியர் சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழரைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டு சென்றனர். உயிர் தப்பியோர் திரும்பி வந்தது லயத்துக்குத்தான். கூலி ஒன்றே உறவாயின், எலும்பும் தோலுமாய் அங்குத் திரும்புவானேன்?

ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு அவ்வூர் புலப்படவில்லை. அவசரகாலத்தில், 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி புதுக்கிராமங்கள் எழுந்தன. அங்குக் குடியேற்றப்பட்டோருக்கும் முள்வேலியும் ஊரடங்கும் கொடுமைதாம். எனினும் அவை கிராமங்களெனப் பெயர் பெற்றன. தோட்டத் தொழிலாளரோ முள்வேலியை மட்டும் பெற்றனர். அவர்தம் லயம் லயமாகவே நின்றது. 1956இல் தோன்றிய பெல்டா நிலமற்றோரை நிலமுடையோராக்கியது. தோட்டமோ தனியார் சொத்து என ஊரக வளர்ச்சிக்குப் புறத்தே விடப்பட்டது. 1966ஆம் ஆண்டின் வீட்டுத் தரச் சட்டம் தொழிலாளர் வீடு எவ்வாறிருத்தல் வேண்டும் எனக் கூறிற்றேயன்றி, அவ்வீடு அவருக்கு உரியதாகும் என்று கூறவில்லை. ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது இதன் பொருள் விளங்கியது: மரம் விலைபோன அன்றே வீடும் போயிற்று. தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டங்களையே வாங்கலாம் என்று 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்நோய் கண்டேயாம்.

பிறரை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று. காடு திருத்தினோம், நாடு வளர்த்தோம் என மேடைதோறும் முழங்கும் தமிழர், தம் தோட்டம் ஒன்றன் வரலாற்றையேனும் எழுதி வைத்தனரா? அம்முழக்கமும் முழு உண்மையன்று. ரப்பருக்கு முன்பே மலாக்காவில் மரவள்ளி பயிரிட்ட சீனர் காடுகள் பலவற்றை வெட்டியிருந்தனர். செய்யாததற்குப் பெருமை கொண்டாடுவோர், செய்ததற்குச் சான்று தேடாமற் போயினர்!

சான்று இல்லாமலில்லை, பள்ளிகளில் இருக்கிறது. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன; இன்று எஞ்சியவை ஏறத்தாழ 530. அவற்றுள் பல, தோட்டம் அழிந்து பட்டணத்துக்குப் பெயர்ந்த பின்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், அவர் தொழில், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் அனைத்தும் காணலாம். ஒரே ஆண்டில் பத்துப் பிள்ளைகள் விலகியிருப்பின், அவ்வாண்டில் தோட்டத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை அப்பக்கமே உரைக்கும். மூன்று தலைமுறைப் பெயர்கள் வரிசையாக நிற்கும் இவ்வேடுகளைப் பழந்தாளென்று எடைக்குப் போடுவதற்கு முன், அவற்றைப் படியெடுத்துவைக்கத் தமிழ் எழுத்தாளரும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்வருவார்களா?