மெய்யுரைத்தோர் மாண்ட மன்றம்

குற்றத்தை ஒப்புக்கொண்டு பொய்யுரைத்தவர் பிழைத்தனர். குற்றமற்றேம் என்று மெய்யுரைத்தவர் தூக்கிலேறினர். இப்படியும் ஒரு வழக்குமன்றம் இருந்தது என்றால் நம்பத் தயங்குவீர்கள். இது கட்டுக்கதையன்று, கி.பி. 1692-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சுக் குடியேற்றத்தில், சேலம் என்னும் ஊரில் நடந்தது. நம் நாட்டுச் சேலத்தோடு அதற்குப் பெயரொப்புமையன்றி வேறு தொடர்பில்லை. எபிரேய மொழியில் 'அமைதி' என்று பொருள்படும் அப்பெயரை அவ்வூர் தாங்கியிருந்தது!

அக்குடியேற்றத்தை 1630-இல் நிலைபெறச் செய்தவர் பியூரிட்டன் எனப்பட்ட தூய்மை நெறியினர். இங்கிலாந்துத் திருச்சபையில் எஞ்சியிருந்த பழஞ்சடங்குகளைக் களைய முயன்று, அரசின் ஒறுப்புக்கு அஞ்சிக் கடல் கடந்தவர். அவர்களைக் கல்லாக் கூட்டம் என்று எண்ணிவிடலாகாது. விவிலியத்தை ஒவ்வொருவரும் தாமே படித்துணர வேண்டும் என்று பள்ளிகள் வைத்தவர். 1636-இலேயே ஆர்வர்டுக் கல்லூரியைக் கண்டவர். ஆயின், அவர்க்கு அலகை வெறும் உவமையன்று. ஊருக்குள் உலவும் பகைவன். நோயும் விளைவழிவும் எல்லைப் போரும் அவன் வேலையே என நம்பினர். 1641-இல் அவர்கள் வகுத்த சட்டம் செய்வினை புரிவார்க்குச் சாக்கொறுப்பு விதித்தது.

1692-இன் தொடக்கத்தில் சேலம் சிற்றூர் ஆயர் சாமுவேல் பாரிசின் 9 அகவை மகளும், அவர் வீட்டில் வளர்ந்த 11 அகவை உறவுப் பெண்ணும் அலறித் துடித்தனர். நோயறியாத மருத்துவர் தீய ஆற்றலின் கைவேலை என்றார். முதலில் சிறைப்பட்டவர் யார்? ஆயர் வீட்டு அடிமைப்பெண் தித்துபா. இரந்துண்ட ஏழை சாரா குட். நோயுற்று நெடுநாள் வழிபாட்டிற்கு வாராதிருந்த சாரா ஒசுபோர்ன். மூவரும் கேட்பாரற்றவர். சாரா குட்டின் நான்கைந்து அகவை மகளையும் விலங்கிட்டுச் சிறையில் அடைத்தனர்!

ஆளுநர் வில்லியம் பிப்சு தனிமன்றம் அமைத்தார். அதன் தலைவர் வில்லியம் சுடோட்டன், ஆர்வர்டில் கற்றவர். அம்மன்றம் ஏற்ற சான்று எது தெரியுமா? உருவெளிச் சான்று! "இவள் உருவம் வந்து என்னைக் கிள்ளிற்று" என்று ஒருவர் கதறினால் போதும். அவ்வேளையில் அவள் தன் வீட்டில் உறங்கினாள் என்று மெய்ப்பித்தும் பயனில்லை; வந்தது உடலன்று, உருவெளியன்றோ! குற்றமற்றவர் உருவை எடுக்க அலகைக்கு இறைவன் இசையான் என்பது சுடோட்டனின் துணிபு. குற்றம் சாட்டுவார் கண்ணுக்கு மட்டும் தெரிவதை எவரால் மறுக்க முடியும்?

ஒரே ஒரு வாயில் திறந்திருந்தது. "ஆம், அலகையோடு உடன்பட்டேன்" என்று ஒப்பிப் பிறரையும் காட்டிக்கொடுத்தால் தூக்கு தள்ளிப்போகும். ஏறத்தாழ ஐம்பதின்மர் அவ்வாயிலில் நுழைந்தனர். அச்சொல்லில் நிலைத்தவருள் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. பொய்யுரைத்தால் உயிர் தப்பும், ஆதன் கெடும் என்று தம் சமயம் கற்பித்ததை உண்மையாகவே நம்பியவர்தாம் மாண்டனர்.

71 அகவை இரெபெக்கா நர்சைக் குற்றமற்றவர் என்றே முறைகாண் குழுவினர் முதலில் கூறினர். சாட்டியோர் கூக்குரலிட்டனர், சுடோட்டன் மீண்டும் எண்ணுமாறு பணித்தார், தீர்ப்பு மாறியது. செய்வினையாளரால் இயேசு கற்பித்த மன்றாட்டைப் பிழையின்றிச் சொல்லவியலாது என்று நம்பினர், ஆயர் சார்சு பரோசு தூக்குமேடையில் அதைப் பிழையின்றிச் சொன்னார், தூக்கிலிட்டனர். வழக்குக்கு உடன்பட மறுத்த முதிய உழவர் சைல்சு கோரியைக் கற்களால் அழுத்திக் கொன்றனர். தூக்கிலிறந்தோர் 19 பேர்; அவருள் பெண்டிர் 14 பேர். சிறையிலேயே மடிந்தோர் ஐவரேனும் உளர்.

அக்குடியேற்றத்தின் மூத்த ஆயர் இன்கிரீசு மேதரே, குற்றமற்ற ஒருவர் மாள்வதினும் ஐயத்திற்குரிய பதின்மர் தப்புவது நன்று என எழுதினார். அக்தோபரில் ஆளுநர் மன்றத்தைக் கலைத்தார். 1693-இல் கூடிய புதுமன்றம் உருவெளிச் சான்றைத் தள்ளியது, பெரும்பாலோர் விடுதலையாயினர். சான்று மாறியதும் செய்வினைக்காரிகளும் மறைந்தனர்!

1697-இல் தீர்ப்பாளர் சாமுவேல் சூவல், வழிபாட்டவையில் எழுந்து நின்று தம் குற்றத்தை ஏற்றார். சுடோட்டன் ஏற்கவேயில்லை. எலிசபெத்து சான்சன் என்பாரின் பழி மட்டும் நீங்காமலே கிடந்தது. பள்ளி மாணவர் சிலர் முறைமன்ற ஏடுகளை ஆராய்ந்து முயன்றதால், 2022-இல், 329 ஆண்டுகள் கழித்து, அது நீங்கியது. ஆசிரியன் என்ற முறையில் இச்செய்தி என் நெஞ்சை நிறைத்தது.

அன்பர்களே! சேலத்தில் கல்விக்குக் குறைவில்லை, பற்றுக்கும் குறைவில்லை. மறுக்க வழியில்லாத சாட்டைச் சான்றெனக் கொண்டதே அங்கு நேர்ந்த கேடு. எந்த அவையிலும் "மறுப்பதே குற்றத்திற்குச் சான்று" என்று ஒருவர் சொல்லக் கேட்டால், அங்கே தூக்குமரம் நடப்படுகிறது என்று அறிக. உடனே எழுந்து மறுத்துரைக்க!