பழைய கேமா, புது கேமா? கம்ப்யூட்டர் ராஜ்ஜியத்தில் ஓயாத சண்டை!

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் தென்காசிக்காரர்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குப் பஞ்சமே இருக்காது. காலையில் ஐந்தருவி, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் பேரருவி என்று பொழுது ஓடிவிடும். இடையில் மழை பிடித்துக்கொண்டால் பெரியப்பா பையனும் சித்தி பையனும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்கும்.

“ஏல, பழைய கேம்தாம்ல கேம்! இப்ப வாரதெல்லாம் சும்மா!”

“போண்ணே! உங்க காலத்து கேம்ல மனுசனே கட்டம் கட்டமாத்தான் தெரிவான்!”

இதைச் சின்னப்பிள்ளைச் சண்டை என்று நினைக்காதீர்கள். 2025-ம் ஆண்டில் இதே விஷயத்துக்காக உலகம் முழுக்கப் பெரியவர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கு நின்றார்கள். எதற்காக என்று பார்ப்போமா?

முதலில், இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்பது ஒரு வியூக விளையாட்டு. அமெரிக்காவில் என்செம்பிள் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம் உருவாக்க, மைக்ரோசாஃப்ட் 1997-ல் வெளியிட்டது. 1999-ல் இரண்டாம் பாகம் வந்தது. கையில் ஒரு நகர மையமும் நாலைந்து ஆட்களும் மட்டும் இருக்க ஆட்டம் தொடங்கும். மரம் வெட்ட வேண்டும், தங்கம் தோண்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும், வயலில் பயிர் வைக்க வேண்டும். சேர்த்த பொருளை வைத்து இருண்ட காலத்திலிருந்து பேரரசுக் காலம் வரை படிப்படியாக ஏற வேண்டும். பக்கத்து ராஜா படையோடு வருவதற்குள் கோட்டையும் கட்டியாக வேண்டும். மூச்சு முட்டிவிடும்!

2000-களில் நம் ஊர்ப் பிரவுசிங் சென்டர்களில் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து இதை ஆடிய அண்ணன்கள் இன்று அப்பாக்கள் ஆகிவிட்டார்கள். உங்கள் அப்பாவும் அதில் ஒருவரா என்று கேட்டுப் பாருங்களேன், முகத்தில் ஒரு சிரிப்பு வந்தாலும் வரும்.

சரி, சண்டைக்கு வருவோம். ஒரு சின்ன உதாரணம் போதும், வயல். 1999-ல் வந்த ஆட்டத்தில் ஒரு வயலின் விளைச்சல் தீர்ந்துவிட்டால் அது தரிசாகிவிடும். நீங்களே போய் மறுபடி விதைக்க வேண்டும். கார் சாகுபடி முடிந்ததும் பிசானத்துக்குத் தயாராகிற நம் விவசாயி மாதிரி! ஒரு பக்கம் போர் நடக்கிறது, இன்னொரு பக்கம் வயல் காய்கிறது. கவனிக்காமல் விட்டால் படைக்குச் சாப்பாடு இல்லை. 2000-ல் ‘தி கான்கரர்ஸ்’ என்ற கூடுதல் பாகம் வந்தபோது, அடுத்த விதைப்புகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதி வந்தது. 2019-ல் புதுப்பிக்கப்பட்ட பதிப்பு வந்தபோது வயல் தானாகவே விதைத்துக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள்.

புதிதாக ஆட வருகிறவனுக்கு அப்பாடா என்றிருக்கும். இருபது வருடமாக ஆடுகிறவர் என்ன நினைப்பார்? போரின் நடுவிலும் வயலை மறக்காமல் இருப்பதைத்தான் அவர் கஷ்டப்பட்டுப் பழகி வைத்திருந்தார். எதிராளி வயலை மறந்த நேரம் பார்த்துத்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் விடிந்து பார்த்தால் அந்த வித்தைக்கு மதிப்பே இல்லை. கோபம் வருமா, வராதா? ஒருவருக்கு அலுப்பான வேலையாகத் தெரிவது இன்னொருவருக்கு ஆட்டத்தின் உயிராகத் தெரிகிறது. பாதிச் சண்டைகள் இங்கேதான் முளைக்கின்றன. படம் அழகாக இருக்கிறதா, இல்லையா என்பதெல்லாம் மேல்பூச்சுதான்.

2005-ல் வந்த மூன்றாம் பாகத்தில் மாற்றம் இன்னும் பெரிது. இரண்டாம் பாகத்தில் மரம் வெட்டுகிறவன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து கிடங்கில் சேர்க்க வேண்டும். மூன்றாம் பாகத்தில் வெட்ட வெட்டத் தானாகவே கணக்கில் ஏறிவிடும். தாய் நாட்டிலிருந்து உதவி வரவழைக்கச் சீட்டுகள் வேறு. சிலருக்குப் பிடித்தது. பலர் சி.டி.யை உறையில் போட்டுவிட்டு இரண்டாம் பாகத்துக்கே திரும்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தமாஷ். 2009-ல் என்செம்பிள் நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். 2011-ல் கார்ட்டூன் மாதிரியான பொம்மைகளோடு இணையத்தில் மட்டும் ஆடும் ஒரு பாகம் வந்தது, 2014-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். இதற்கிடையே சில ரசிகர்கள் ஒன்றுசேர்ந்து, இரண்டாம் பாகத்துக்குப் புதிய நாகரிகங்களைத் தாங்களாகவே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை நன்றாக இருந்ததால் 2013-ல் ‘தி ஃபர்காட்டன்’ என்ற பெயரில் அதிகாரபூர்வமாகவே வெளியிட்டார்கள். பழைய ஆட்டம் இப்படி ரசிகர்கள் தயவில் எழுந்து உட்கார்ந்தது. 2021-ல் நான்காம் பாகம் வந்த பிறகும் 1999-ம் ஆண்டு ஆட்டத்துக்குப் போட்டிகள் நடந்துகொண்டுதான் இருந்தன.

‘அப்படியானால் மாற்றாமலே விட்டிருக்கலாமே?’ என்று கேட்பீர்கள். செஸ்ஸைப் பாருங்கள். இன்று ராணி என்று சொல்கிறோமே, அந்தக் காய் ஒரு காலத்தில் மந்திரி. குறுக்காக ஒரே ஒரு கட்டம்தான் நகரும். சுமார் 500 வருடங்களுக்கு முன்பு ஐரோப்பாவில் அதற்குப் பலத்தை வாரிக் கொடுத்துவிட்டார்கள். இந்தியாவில் ஆடிய முறையிலோ சிப்பாய்க்கு முதலில் இரண்டு கட்டம் தாவும் உரிமை இல்லை. ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரி தாவலாம். அந்த முறையில் பழகிய பஞ்சாப்காரர் மீர் சுல்தான் கான், ஐரோப்பிய விதிகளைப் புதிதாகக் கற்றுக்கொண்டு போய், 1929-ல் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 ஆண்டுகளிலும் அவர்தான் சாம்பியன். சின்ன வயதில் கற்ற பழக்கத்தை மாற்றிக்கொண்டு ஜெயிப்பது லேசான காரியமா? 2024-ல் சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டம் வென்ற நம் சென்னைப் பையன் குகேஷ் ஆடியதும் அந்த மாறிப்போன செஸ்தான். மாறாமலே இருந்திருந்தால் இவ்வளவு வேகமான ஆட்டம் நமக்குக் கிடைத்திருக்காது.

நம்மூர் சம்பந்தப்பட்ட மாற்றம் ஒன்றும் இருக்கிறது. 2013-ல் வந்த பாகத்தில் ‘இந்தியர்கள்’ என்று ஒரே ஒரு நாகரிகம்தான் இருந்தது. அதில் சிப்பாய்கள் பேசியது இந்தி. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டினால் எப்படி? 2022 ஏப்ரலில் அந்த மூட்டையைப் பிரித்தார்கள். இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர் என்று நான்காயிற்று. திராவிடர் படையைச் சுட்டினால், தமிழில் பதில் வரும்! உருமி வாள் வீரன் உண்டு, திரிசடை என்ற போர்க்கப்பல் உண்டு, தென்னாட்டின் புகழ்பெற்ற வூட்ஸ் எஃகு உண்டு. ராஜேந்திர சோழன் கதையும் ஆட்டமாக வந்தது.

சண்டை ஓய்ந்ததா? ஊஹும். பழைய ‘இந்தியர்’ படையை வைத்துப் பழகியவர்கள், “எங்கள் ஆட்டத்தைக் கலைத்துவிட்டீர்களே” என்றார்கள். திராவிடருக்குக் குதிரைப்படை பலவீனம் என்பது இன்னொரு குறை. சோழர், பாண்டியர், சேரர் எல்லாரையும் ஒரே பெயரில் அடக்கியது சரியா என்பது வேறொரு வாதம். தென்காசிப் பிள்ளைகள் இந்த மூன்றாவது கட்சியில் சேர நியாயம் உண்டு! ஏனென்றால் இந்த ஆட்டம் நடக்கிற காலத்துக்குள்தான், 1446-ல், பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான்.

கோயிலைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்தப் பாண்டியன் கல்வெட்டில் என்ன எழுதி வைத்தான் தெரியுமா? பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர்களை நான் இப்போதே வணங்குகிறேன் என்று! பெரிய ராஜா, யார் என்றே தெரியாத நமக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதே மாதிரி குறையும் வந்தது. கோபுரம் சிதைந்து, நூறு வருடங்களுக்கும் மேலாக மொட்டைக் கோபுரமாகவே நின்றது. பிறகு திரும்ப எழுப்பி, 1990-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள். இன்று வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறோமே, அது அந்தக் கோபுரம்தான். அச்சு அசலாகப் பாண்டியன் கட்டியதேதானா என்றால், இல்லை. அதனால் அது தென்காசிக் கோபுரம் இல்லை என்று யாராவது சொல்வார்களா? கேம்களைப் புதுப்பித்து வெளியிடுகிறவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இந்த வேலைதான். அடித்தளத்தை விட்டுவிட்டு மேலே கட்டினால் ஊர் ஏற்றுக்கொள்கிறது. அடித்தளத்திலேயே கை வைத்தால் ஊர் இரண்டுபடுகிறது.

2025-ல் நடந்தது இந்த இரண்டாவது வகை. மே மாதம் ‘தி த்ரீ கிங்டம்ஸ்’ என்று ஒரு கூடுதல் பாகம் வந்தது. சீனாவில் கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் சண்டை போட்ட வெய், ஷூ, வூ என்ற மூன்று அரசுகள் அதில் சேர்ந்தன. ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். “இது இடைக்கால ராஜ்ஜியங்களின் விளையாட்டு. அதற்குப் பல நூறு வருடம் முந்தையவர்களை எதற்காக நுழைக்கிறீர்கள்? மற்றவையெல்லாம் மக்கள் இனங்கள், இவை சில பத்து வருடங்களே இருந்த அரசுகள் ஆயிற்றே!” என்பது அவர்கள் வாதம். போட்டி ஆட்டத்தில் தனிப் பலம் கொண்ட நாயகர்களை இறக்கியதும் பலருக்குப் பிடிக்கவில்லை. புதிதாக ஏதோ கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டவர்களும் இருந்தார்கள்.

அதே வருடம் பிப்ரவரியில் இன்னொரு கிழட்டு ஆட்டத்திலும் தகராறு. 1991-ல் சிட் மெயர் தொடங்கிய ‘சிவிலைசேஷன்’ வரிசையின் ஏழாம் பாகம் அது. அதுவரை ஒரு நாகரிகத்தை எடுத்தால் கற்காலம் முதல் ராக்கெட் காலம் வரை அதையே வளர்க்கலாம். ஏழாம் பாகத்தில் ஒவ்வொரு யுகம் முடியும்போதும் வேறு நாகரிகத்துக்கு மாற வேண்டும். மௌரியராக ஆரம்பித்து, நடுவில் சோழராகி, கடைசியில் முகலாயர் ஆகலாம்! வரலாற்று டீச்சர் பார்த்தால் மயக்கம் போட்டுவிடுவார். ‘எல்லா நாடும் இப்படி மாறித்தானே வந்திருக்கிறது’ என்று தயாரிப்பாளர்கள் தரப்பில் நியாயம் இருக்கிறது. ‘என் ராஜ்ஜியத்தை நான் கடைசிவரை வளர்க்க வேண்டாமா’ என்று ரசிகர்கள் தரப்பிலும் இருக்கிறது. கடைசியில் தயாரிப்பாளர்களே இறங்கி வந்து, ஒரே நாகரிகத்தோடு ஆடும் வழியையும் சோதித்துப் பார்க்கிறோம் என்றார்கள்.

நிறுவனங்கள் ஏன் மாற்றிக்கொண்டே இருக்கின்றன? பழைய ஆட்டத்தை ஒருவர் ஒரு முறைதான் வாங்குவார். சம்பளம் கொடுக்கப் புதிதாக ஏதாவது விற்றாக வேண்டும், அவ்வளவுதான். அதில் தப்பு இல்லை. என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது.

முன்பு சி.டி. வாங்கினால் அது உங்களுடையது. மூன்றாம் பாகம் பிடிக்காத அண்ணன் பேசாமல் இரண்டாம் பாகத்தை எடுத்துப் போட்டு ஆடினார், யாரும் தடுக்க முடியவில்லை. இன்று ராத்திரி தூங்கும்போது ஒரு மாதிரி இருக்கிற கேம், காலையில் ‘அப்டேட்’ ஆகி வேறு மாதிரி இருக்கும். நண்பர்களோடு இணையத்தில் ஆட வேண்டுமென்றால் அதை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். சில கேம்கள் ஒரேயடியாகக் காணாமலும் போகின்றன. ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டை 2024-ல் யூபிசாஃப்ட் நிறுவனம் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதை ஆட முடியாமல் போயிற்று. இதை எதிர்த்து ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்துப் போட்டார்கள். விற்ற விளையாட்டை ஆட முடியாதபடி செய்யாதே என்பது அவர்கள் கோரிக்கை. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. மாற்றுகிற உரிமை தயாரித்தவருக்கு இருக்கட்டும், பழையதை வைத்துக்கொள்ளும் உரிமை வாங்கியவருக்கு இருக்க வேண்டாமா?

நம் ஊரில் யாராலும் அப்டேட் செய்ய முடியாத வியூக விளையாட்டு ஒன்று இருக்கிறது, ஆடு புலி ஆட்டம்! பழைய கோயில் மண்டபங்களின் கல் தரையில் அதன் கோடுகளைச் செதுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்பெனி கிடையாது, கரண்ட் வேண்டாம். சாக்பீஸால் கோடு போட்டு, புலிக்கு மூன்று கூழாங்கல், ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டால் ஆட்டம் தயார். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும், ஆடுகள் கூடிப் புலியை நகரவிடாமல் அடைக்கும். இதிலும் விதிச் சண்டை உண்டு. “எங்க ஊர்ல இப்படி இல்லையே” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். முதல் காயை வைப்பதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் பேசி முடித்துக்கொள்வார்கள், பிறகு ஆட்டம் நடக்கும்.

உங்கள் ஊரில் புலி எத்தனை, ஆடு எத்தனை? தாத்தா, பாட்டியிடம் கேட்டு, கட்டத்தையும் வரைந்து எங்களுக்கு அனுப்புங்கள்.