ரிட்டயர் ஆனப்புறம் காலையில பத்து மணிக்கு என்ன உத்தேசம்?

மக்களே, தமிழ்நாடு அரசு ஊழியர்களோட ஓய்வு வயசு 2020-ல 58-லருந்து 59 ஆச்சு, 2021-ல 60 ஆச்சு. அப்ப எங்க தேனிப் பக்கம் டீக்கடைப் பேச்சு பூரா, ரெண்டு வருஷ சம்பளம் கூட வருமே, கிராஜுவிட்டி எவ்வளவு ஏறும்ங்கறதுதான். அந்த ரெண்டு வருஷத்துல எதையாச்சும் கத்துக்கிட்டு வெளிய வரலாமேன்னு ஒருத்தரும் சொல்லி நான் கேக்கலை.

பணத்தைப் பத்திச் சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. என் கேள்வி வேற. ஆபீஸ் போகாத முதல் திங்கக்கிழமை, காலையில பத்து மணிக்கு உங்களை யாரு எதிர்பார்த்துக்கிட்டு இருப்பா?

நம்ம ஆளுங்க ரெடியா ஒரு பதில் வெச்சிருப்பாங்க. "கம்பத்துப் பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கி திராட்சை போடப் போறேன்." 2023-ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம பன்னீர் திராட்சை வருஷம் பூரா காய்க்கும், வாஸ்தவம். அப்போ வேலையும் வருஷம் பூரா இருக்கும்ல? பந்தல், கவாத்து, மருந்தடிப்பு, ஆள் கூலி, அறுப்பு நேரத்துல மழை பெஞ்சா பழவெடிப்பு. அறுபது வயசுல முதல் தடவையா கவாத்துக் கத்திரி பிடிக்கிறவருக்கு அது பொழுதுபோக்கு இல்லை சாமி. ஆசை நிஜம்னா, அம்பது வயசுலயே லீவு நாள்ல போயி ஒரு சம்சாரி கூட நின்னு பழகணும்.

நம்ம பள்ளத்தாக்கே கும்பிடுற பென்னிகுவிக்கை எடுத்துக்கோங்க. 1841-ல பிறந்தவர். 1895-ல பெரியாறு அணையைத் திறந்தப்ப வயசு 54. அத்தோட நாற்காலியில சாஞ்சு உக்காரலை. அடுத்த வருஷமே இங்கிலாந்துல கூப்பர்ஸ் ஹில் இன்ஜினியரிங் கல்லூரிக்கு முதல்வராப் போயி, 1899 வரைக்கும் சின்னப் பசங்களை உருவாக்குனார். அதுக்கப்புறம் ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன் ஆத்து வெள்ளத்துக்கு யோசனை சொன்னார். லோயர் கேம்ப் மணிமண்டபத்துல மாலை போடுறோம், ஜனவரி 15-ல பொங்கல் வைக்கிறோம். அணைக்கு அப்புறம் மனுஷன் என்ன செஞ்சார்னு பேசறதில்லை. எனக்கு அவர் கதையில பிடிச்சதே அதுதான்.

நாம அணை கட்டலை, சரி. கணக்கு வாத்தியார் டிஎன்பிஎஸ்சி படிக்கிற நாலு பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். சர்வேயரா இருந்தவர் ஊர்க்காரங்களுக்குப் பட்டா, சிட்டா படிச்சுச் சொல்லலாம். சர்வீஸ்ல இருக்கும்போதே ஆரம்பிச்சாதான் ஆள் தேடி வருவாங்க.

அப்புறம் வீட்டம்மா. பகல்ல அந்த வீடு முப்பது வருஷமா அவங்க ராஜ்ஜியம். சீரியல், பக்கத்து வீட்டுப் பேச்சு, ஒரு குட்டித் தூக்கம்னு அவங்களுக்கு ஒரு டைம்டேபிள் உண்டு. திடீர்னு நீங்க நடுக்கூடத்துல சேரைப் போட்டு உக்காந்து, மூணு தடவை காப்பி கேட்டு, "ஃபேன் ஏன் சும்மா ஓடுது"ன்னு ஆடிட் பண்ணா எப்படி? அவங்களுக்கு அறுபதுலயும் ஓய்வு கிடையாது, பென்ஷனும் கிடையாது.

எனக்கு சர்வீஸ் இன்னும் நாலு வருஷம் இருக்கு. ஞாயித்துக்கிழமை சமையலை இப்பவே என் பொறுப்புல வாங்கிக்கிட்டேன். ரசம் சுமாரா வருது. சாம்பார் இன்னும் பாஸ் ஆகலை.