வள்ளத்து இன்ஜினுக்கு எண்ணெய் தேர்ந்தெடுப்பது யார்?

வெளிநாடுகளில் நைட்ரோ கார் என்று ஒரு விளையாட்டு வண்டி உண்டு. ரிமோட்டில் ஓடும். உள்ளே இருப்பது பேட்டரி அல்ல, நிஜமான டூ ஸ்ட்ரோக் இன்ஜின். 3.5 சிசி இருந்தாலே அது பெரிய வண்டி. மெத்தனால், நைட்ரோமீத்தேன், ஆயில் மூன்றும் கலந்ததுதான் அதற்கு எண்ணெய். நைட்ரோமீத்தேன் 16 சதவீதம் போதுமா, 25 வேண்டுமா என்று அந்த ஆட்கள் நாள் கணக்கில் சண்டை போடுவார்கள். புது இன்ஜின் வாங்கினால் முதல் சில டேங்க் எண்ணெயை மெதுவாக ஓட்டியே காலி செய்வார்கள். பிஸ்டன் சிலிண்டரோடு பழகும் வரை முழு வேகம் கிடையாது. சூட்டைப் பார்ப்பார்கள், பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள், கழன்ற ஸ்க்ரூவை எல்லாம் முடுக்குவார்கள். இவ்வளவும் செய்தும் இன்ஜின் பிடித்துக்கொண்டால் என்ன நஷ்டம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போச்சு. அவ்வளவுதான்.

அதே டூ ஸ்ட்ரோக் இன்ஜின், கொஞ்சம் பெரிய உருவத்தில், குமரி மாவட்டக் கடற்கரையிலும் ஓடுகிறது. ஆரோக்கியபுரத்தில் இருந்து நீரோடி வரை சுமார் 70 கி.மீ. கரையில் எந்த ஊரில் இறங்கினாலும், மணலில் ஏற்றி வைத்த வள்ளத்தின் பின்னால் அதைப் பார்க்கலாம். 8 குதிரைத் திறன், 9.9 குதிரைத் திறன் என்று சொல்லும் அவுட்போர்டு இன்ஜின்கள். இது நடுக்கடலில் நின்றால் போவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அல்ல. உள்ளே இருக்கும் இரண்டு மூன்று பேர்.

ஆனால் இந்த இன்ஜினுக்கு என்ன எண்ணெய் ஊற்றுவது என்று அதை ஓட்டுகிறவன் முடிவு செய்வதில்லை! ரேஷன் கணக்கு முடிவு செய்கிறது. டெல்லி முடிவு செய்கிறது. அவனுக்குக் கடன் கொடுத்தவர் முடிவு செய்கிறார். கடைசியில் இன்ஜின் பழுதானால் மட்டும், "மீன்காரனுக்கு இன்ஜினைப் பார்க்கத் தெரியாது" என்ற தீர்ப்பு அவன் தலையில் விழுகிறது. இந்தத் தீர்ப்பு தப்பு. ஏன் தப்பு என்று பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1970களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியேர் கில்லே என்பவர் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தோடு சேர்ந்து முட்டத்தில் படகு கட்டும் வேலையில் இறங்கினார். கட்டுமரத்துக்கும் பெரிய விசைப்படகுக்கும் நடுவில், அலையைத் தாண்டிப் போய் மணலிலேயே வந்து இறங்கக்கூடிய சின்ன பிளைவுட் படகு செய்வதுதான் நோக்கம். 1985ல் அவர் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். பெயர் 'ஸ்மால் இஸ் டிபிகல்ட்'. ஷூமாக்கர் 1973ல் எழுதிய 'ஸ்மால் இஸ் பியூட்டிபுல்' உலகப் புகழ் பெற்றிருந்த காலம் அது. சின்னது அழகு என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்தபோது, குமரிக் கரையில் இருந்து ஒரு ஆள் சின்னது கஷ்டம் என்று தலைப்பு வைத்தார். அந்தத் தலைப்பு ஒன்றே போதும். சின்னப் படகு, சின்ன இன்ஜின் என்றால் சுலபம் என்று நினைப்பது கரையைப் பார்க்காதவர்களின் நினைப்பு.

சரி, எண்ணெய்க்கு வருவோம்.

இங்கே நிறைய வள்ளங்களில் ஓடுவது மண்ணெண்ணெய். பெட்ரோல் எவ்வளவு குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெயோ சுமார் 35 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். அதனால் குளிர்ந்த இன்ஜின் மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் ஆகாது. முதலில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு வந்து, கார்பரேட்டரில் மிச்சம் இருக்கும் மண்ணெண்ணெயைத் தீர்த்துவிட வேண்டும். கரைக்கு வந்து அலையில் வள்ளத்தைத் திருப்பும் நேரத்தில் இதை மறந்தால் மறுநாள் விடியற்காலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் போகும்.

மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகக் குறைவு. பெட்ரோல் இன்ஜின் மாதிரி அழுத்தம் கொடுத்தால் தட்டும். அதனால் மண்ணெண்ணெய் இன்ஜினை அழுத்தம் குறைத்தே செய்கிறார்கள். அழுத்தம் குறைந்தால் சக்தி குறையும், எண்ணெய் அதிகம் குடிக்கும். எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவும். பிளக்கில் கரி, பிஸ்டன் ரிங்கில் கரி, புகை போகும் வழியிலும் கரி.

"ஆனாலும் விலை குறைவாச்சே?" இங்கேதான் பி.காம். முதல் வருஷத்துப் பாடம் வேலைக்கு வருகிறது. விலை வேறு, செலவு வேறு.

ஒரு கணக்குப் போடலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும், அவரவர் ஊர் விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஒரு வள்ளத்துக்கு நாளைக்கு 20 லிட்டர் மண்ணெண்ணெய், மாதம் 20 நாள் தொழில். மொத்தம் 400 லிட்டர். மானிய விலையில் 250 லிட்டர், லிட்டர் 25 ரூபாய் என்றால் 6,250 ரூபாய். மிச்சம் 150 லிட்டர் வெளியே 90 ரூபாய்க்கு, 13,500 ரூபாய். பிளக்குக்கும் கரி எடுக்கும் கூலிக்கும் 1,500. இன்ஜின் படுத்ததால் போன ஒரு நாள் வருமானம் 3,500. கூட்டினால் 24,750 ரூபாய். 400ஆல் வகுத்தால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 62 ரூபாய். கையில் 25 ரூபாய் எண்ணெய் என்று பிடித்திருப்பது உண்மையில் 62 ரூபாய் எண்ணெய்.

"அப்பவும் பெட்ரோலை விடக் குறைவுதானே!" ஆமாம், குறைவுதான். அதனால்தான் மீனவன் அதை ஊற்றுகிறான். அவன் முட்டாள் இல்லை. ஆனால் இந்தக் கணக்கின் அடுத்த வரியை யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

வெளியே 90 ரூபாய் விற்பதை 25க்குக் கொடுத்தால் லிட்டருக்கு 65 ரூபாய் மானியம். 250 லிட்டருக்கு 16,250 ரூபாய். இதே பணத்தை, எந்த எண்ணெய் வாங்கினாலும் உனக்கு உண்டு என்று கொடுத்துப் பாருங்கள். பெட்ரோல் கொஞ்சம் குறைவாகச் செலவாகும். நாளைக்கு 17 லிட்டர் என்று வைத்தால் மாதம் 340 லிட்டர், 100 ரூபாய் விலையில் 34,000. அதில் 16,250 போனால் 17,750 ரூபாய். பழுதுக்கு ஒரு 2,000 சேர்த்தாலும் 24,750ஐத் தொடவில்லை!

அரசுக்கு ஒரு பைசா கூடச் செலவில்லை. மீனவனுக்கு மிச்சம். இடையில் குறைவது புகையும் கரியும்தான். மலிவாக இருந்தது மண்ணெண்ணெய் அல்ல, மானியம். அந்த மானியத்தைக் கேனோடு கட்டி வைத்துவிட்டோம். மனிதனோடு கட்டவில்லை. இதுவும் நிரந்தரம் இல்லை. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு மத்திய அரசு தந்துவந்த மானியத்தை 2016ல் இருந்து சிறுகச் சிறுகக் குறைத்து 2020 வாக்கில் இல்லாமலே ஆக்கியதை நாடே பார்த்தது.

அப்படியானால் எல்லாரும் நாளைக்கே பெட்ரோலுக்கு மாறிவிடலாமா? அதுவும் அவ்வளவு லேசில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை ஆகாது.

பெட்ரோல் சட்டென்று பற்றும். ஓலையும் வலையும் கிடக்கும் கரையில் வைத்திருக்க மண்ணெண்ணெய்தான் பயமில்லாதது. புது ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் எண்ணெயை மிச்சம் பிடிக்கும். ஆனால் விலையும் கனமும் கூட. தினமும் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் ஏறுகிறவனுக்குக் கனம் என்பது முதுகுவலி. அடுத்தது எத்தனால். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்ற இலக்கை நாடு 2025ல் எட்டிவிட்டது. எத்தனால் காற்றில் இருந்தே ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் போய்த் தங்கும். உப்புக்காற்று அடிக்கும் கரையில் அரை கேன் பெட்ரோல் நாள் கணக்கில் கிடந்தால் என்ன ஆகும்? பல அவுட்போர்டு தயாரிப்பாளர்களின் கையேட்டில் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. மண்ணெண்ணெய் வள்ளத்துக்கும் ஸ்டார்ட் செய்யும் பெட்ரோல் இதே பெட்ரோல்தான். 20 சதவீதம் என்று முடிவு செய்த மேஜையில் கார் இருந்தது, பைக் இருந்தது, கரும்பு இருந்தது. வள்ளம் இருந்ததா?

இனி ஆரம்பப் பழுதுகள். புது அவுட்போர்டு இன்ஜினுக்கு முதல் 10 மணி நேரம் ரன்னிங் இன். இந்த நேரத்தில் பார்க்க வேண்டியவை ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை.

1) ஆயில் விகிதம். ரன்னிங் இன் சமயத்தில் வழக்கத்தை விட அதிக ஆயில் கலக்க வேண்டும். எவ்வளவு என்று அந்த இன்ஜினின் கையேடு சொல்லும். பைக்குக்கு ஊற்றும் டூடி ஆயில் காற்றில் குளிரும் இன்ஜினுக்கானது. தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்கு டிசி-டபிள்யூ3 முத்திரை உள்ள ஆயில்தான்.

2) தண்ணீர் பீச்சுகிறதா? இன்ஜின் ஓடும்போது பின்னால் மெல்லிய தாரையாகத் தண்ணீர் வரவேண்டும். மணலில் இறங்கும் கரையில் பம்புக்குள் மணல் ஏறி ரப்பர் இம்பெல்லரை அரைத்துவிடும். தாரை மெலிந்தால் உடனே நிறுத்த வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

3) ஷியர் பின். புரொப்பல்லர் மணலில் இடித்தால் கியர் உடையாமல் காப்பாற்ற, தான் உடைவதற்கென்றே செய்த சின்னக் கம்பி. அது உடைவது பழுது அல்ல, காவல். அதற்குப் பதில் ஆணியைத் தட்டி வைத்தால் அடுத்த தடவை உடைவது கியர்.

4) எண்ணெயில் தண்ணீர். கேன் மாறி கேன் வரும் எண்ணெயை வடிகட்டாமல் ஊற்றக்கூடாது.

5) நட்டு, போல்ட். அதிர்வில் கழலும். முதல் சில நாள் தினமும் முடுக்க வேண்டும். இன்ஜினை வள்ளத்தோடு கயிறு போட்டுக் கட்ட வேண்டும்.

6) கரை ஏறியதும் நல்ல தண்ணீர் விட்டு உள்ளே கழுவ வேண்டும்.

இதெல்லாம் கரை மெக்கானிக்குக்குத் தெரியாததா? கரையில் நின்று ஒரு நாள் பார்த்தால் புரியும். கல்லூரி வாசலை மிதிக்காத கைகள் கார்பரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும். பிறகு ஏன் புது இன்ஜின்கள் சீக்கிரம் கெடுகின்றன? ஏனென்றால் ரன்னிங் இன் என்பது பணம் உள்ளவனுக்கு. இன்ஜின் கடனில் வருகிறது. மானியத் திட்டம் இருந்தாலும் மீதிப் பணத்தைப் புரட்ட வேண்டுமே! முதல் நாளில் இருந்தே அது சம்பாதித்தாக வேண்டும். பாடு நல்ல சமயம் பார்த்துத்தான் இன்ஜின் வாங்குவார்கள். அந்தச் சமயத்தில் 10 மணி நேரம் மெதுவாகப் போ என்றால், மற்ற வள்ளம் எல்லாம் ஏலத்துக்கு மீனைக் கொண்டுவந்த பிறகு இவன் மட்டும் வந்து நிற்பான். பிந்தி வந்த மீனுக்கு விலை கிடையாது. ஆகவே கயிற்றை இழுக்கிறான், முறுக்குகிறான், போகிறான். தெரியாமல் அல்ல, தெரிந்தே.

இன்னொன்றும் உண்டு. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டு வள்ளங்களுக்குத் தடை இல்லை. அதாவது ஆனி ஆடிக் கடல் கொந்தளிக்கும்போது வெளியே இருப்பது இந்தச் சின்ன வள்ளங்கள்தான். நின்றுபோன இன்ஜினோடு அலை உடையும் இடத்தில் மாட்டினால், ஈரப் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்ட எத்தனை நிமிடம் கிடைக்கும்?

கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. மானியத்தை எண்ணெயின் பெயருக்குக் கொடுக்காமல் ஆளின் பெயருக்குக் கொடுங்கள், எதை ஊற்றுவது என்று அவன் முடிவு செய்யட்டும். அந்தப் பணத்தைக் குடித்துவிடுவான் என்கிறவர்கள், வங்கியில் வரும் மற்ற மானியத்துக்கும் அதையே சொல்வார்களா? எண்ணெய் பங்க்கில் மட்டும் செல்லுபடியாகும் அட்டையாகக் கொடுத்தாலும் சரிதான். மானியத்தில் இன்ஜின் கொடுக்கும்போதே முதல் 10 மணி நேர சர்வீஸையும் அந்தந்தக் கரையில் வைத்து இலவசமாகச் செய்து கொடுங்கள். அந்த ரன்னிங் இன் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு படி கொடுங்கள். கையேட்டைத் தமிழில், நனைந்தாலும் கிழியாத ஒரே அட்டையில் கொடுங்கள். கடலோரத்து பங்க்குகளிலாவது எத்தனால் குறைந்த பெட்ரோல் கிடைக்க வழி செய்யுங்கள்.

ரிமோட் காருக்கு எண்ணெய் தேர்ந்தெடுக்கும் உரிமை, அதை வைத்து விளையாடும் பையனுக்கு இருக்கிறது. உயிரைப் பணயம் வைத்து வள்ளம் ஓட்டுகிறவனுக்கும் அது கிடைக்கட்டும். அதன் பிறகும் இன்ஜின் கெட்டால், அப்போது சொல்லலாம், அவனுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று.