மழலையர் வகுப்பில் ஆங்கில எழுத்து: எங்கள் நிலைப்பாடு

மூன்றரை வயதுப் பிள்ளையை நாலு கோடு நோட்டில் ஏபிசிடி எழுத வைக்கக் கூடாது. ஆங்கில எழுத்துகளை முதலில் ஒலியாகவே பழக்க வேண்டும். மழலையர் வகுப்பு ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்த எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது.

ஆங்கிலம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கூலி வேலைக்குப் போகும் தாய் தன் பிள்ளைக்கு ஆங்கிலம் வர வேண்டும் என்று விரும்புவது முழு நியாயம். 2019இல் தமிழக அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியதை நாங்கள் வரவேற்கிறோம். எங்கள் கவலையெல்லாம் சொல்லித்தரும் முறை பற்றியதே.

எல்கேஜி வகுப்பில் போய்ப் பாருங்கள். ஏ முதல் இசட் வரை ராகம் போட்டுப் பாடிவிடுவார்கள். நடுவே 'எல்லெமெனோ' என்று ஒரே மூச்சில் வருவது நான்கு எழுத்து என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. ஓர் எழுத்தைத் தனியே காட்டிக் கேட்டால், ஏயிலிருந்து மறுபடி பாடித்தான் அதற்கு வந்து சேர்வார்கள்.

எழுத்தின் பெயர் தெரிந்தால் மட்டும் வாசிப்பு வந்துவிடாது. தமிழில் ப, ட, ம் என்று அடுத்தடுத்துச் சொன்னால் 'படம்' வந்துவிடும். ஆங்கிலத்தில் சி, ஏ, டி என்று எத்தனை முறை சொன்னாலும் 'கேட்' வராது. 'எச்' என்ற பெயரில் 'ஹ' இல்லை. 'டபிள்யூ'வில் 'வ' இல்லை. தமிழைப் போலவே இதுவும் இருக்கும் என்று நம்பி வரும் பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தராவிட்டால், அது சொல்லை வாசிக்காது, மனப்பாடம் செய்யும். பழகிய பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளை புது வரியைக் கண்டதும் நின்றுவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஏபிசிடி வரிசை அகராதி பார்க்க உதவும். வாசிக்கத் தொடங்க அந்த வரிசை தேவையில்லை. எஸ், ஏ, டி (t), ஐ, பி (p), என் ஆகிய ஆறின் ஒலிகளை முதலில் பழக்கும் முறை இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவலாக உள்ளது. அவற்றைக் கொண்டே 'சிட்', 'பின்', 'டின்', 'டிப்' என்று பிள்ளை தானே கூட்டி வாசித்துவிடும். கதைப் புத்தகத்தில் ஏறக்குறைய எல்லாமே சிறிய எழுத்துகள் என்பதால் அவற்றையே முதலில் காட்ட வேண்டும். தமிழில் ஒரே 'ப' இரண்டு ஒலிக்கும் நிற்கிறது. எழுதும் 'பென்', படுக்கும் 'பெட்' இரண்டும் வெவ்வேறு ஒலியில் தொடங்குவதை முதலில் காது பிடிக்கட்டும். சிறிய பி (b), டி (d) இரண்டையும் இடவலம் மாற்றி எழுதுவது ஆறேழு வயது வரை இயல்பு. அதற்காகப் பிள்ளையைத் திட்டுவதையும் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வதையும் நாங்கள் எதிர்க்கிறோம்.

மூன்றரை வயதில் விரல்கள் பென்சிலுக்குத் தயாராக இருப்பதில்லை. மணலும் களிமண்ணும் தரையில் சாக்பீசும் போதும்.

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்களுக்கே கூடாதென்றால் எல்கேஜி பிள்ளைக்கு எப்படித் தரலாம்? சேர்க்கையின்போது பிள்ளையைச் சோதிப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. ஏபிசிடி சொல்லச் சொல்லி இடம் தருவதைப் பள்ளிகள் உடனே நிறுத்த வேண்டும்.

பெற்றோரே, மாலையில் நோட்டில் எத்தனை பக்கம் நிறைந்திருக்கிறது என்று எண்ணாதீர்கள். இன்று எந்த ஒலி கற்றாய் என்று கேளுங்கள்.